விலைப் பிழையும் வாங்குவோர் அறமும்

மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சி நம் மாநகரின் அங்காடிகளை இரு வகையாகக் காட்டும். பகலில் கூடுவது நாளங்காடி. மாலையில் தொடங்கி இரவில் நடப்பது அல்லங்காடி. இவ்விரண்டிற்கும் புறம்பாய், பகலும் இரவும் பாராது நடக்கும் மூன்றாவது அங்காடி ஒன்று இன்று ஒவ்வொருவர் கையிலும் இருக்கின்றது. இணையவழி வணிகம் என்று அதனை வழங்குகின்றோம். அங்கே விற்பவர் முகம் தெரிவதில்லை. பொருளைத் தொட்டுப் பார்க்கவோ, "அண்ணாச்சி, விலை இதுதானா?" என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளவோ வழியில்லை. திரையில் ஓர் எண் தோன்றுகின்றது, விரல் படுகின்றது, பேரம் முடிந்துவிடுகின்றது.

அந்த எண்ணே பிழையாக இருந்தால் என் செய்வது? பல ஆயிரம் ரூபாய் பெறும் பொருளுக்குச் சில நூறு என்று கைதவறிப் பதிந்துவிட்ட ஒருவரை, "போட்ட விலைக்கே கொடு" என்று பிடித்து நிறுத்துவது முறையாகுமா? இவ்வினா வழக்கறிஞர்க்கு மட்டும் உரியதன்று. இத்தகைய விலை எங்கேனும் தோன்றினால் அச்செய்தி மாணவர் விடுதிகளில் நள்ளிரவிலும் ஒரு கைப்பேசியினின்று மறு கைப்பேசிக்குப் பாய்வதை நாம் காண்கின்றோம். "திருத்துவதற்குள் வாங்கிவிடு" என்பதே அச்செய்தியுடன் வரும் அறிவுரை. திருத்தப்படும் என்று தெரிந்தவர்க்கு அது பிழை என்பதும் தெரிந்திருத்தல் வேண்டும் அன்றோ?

நம் நாட்டில் இவ்வகையில் நன்கறியப்பட்ட வழக்கு ஒடிசா மாநிலத்தில் எழுந்தது. 2014-ஆம் ஆண்டு அமேசான் தளத்தில் 23,499 ரூபாய் மதிப்புள்ள மடிக்கணினி ஒன்று 190 ரூபாய்க்குக் காட்டப்பெற்றது. சட்டம் பயின்ற மாணவர் ஒருவர் அதனை வாங்க ஆணை கொடுத்தார். ஆணை ஏற்கப்பட்டதாக உறுதிச் செய்தியும் வந்தது. ஓரிரு மணி நேரத்தில், விலையில் நேர்ந்த சிக்கலால் ஆணை நீக்கப்பட்டது என்று தொலைபேசியில் அறிவித்தனர். மாணவர் நுகர்வோர் மன்றத்தை நாடினார். தாங்கள் இடையே நிற்கும் தளமே. விற்பவர் வேறு என்பது நிறுவனத்தின் வாதம். மாவட்ட மன்றம் சிறு தொகை வழங்கிற்று. மேல்முறையீட்டில் மாநில ஆணையம் 2021-இல் வழக்குச் செலவும் சேர்த்து 45,000 ரூபாய் அளிக்கும்படி பணித்தது. விலையை அறிவித்து, ஆணையை ஏற்றபின் பின்வாங்குதல் முறையன்று என்பது ஆணையத்தின் நோக்கு.

இத்தீர்ப்பைக் கேட்டவுடன் மகிழ்வோர் பலர். பெரிய நிறுவனத்தைச் சிறியவர் ஒருவர் வென்றார் என்னும் மகிழ்ச்சி அது. அம்மகிழ்ச்சியில் நியாயம் இல்லாமலும் இல்லை. மலிவு என்பதையே திருவிழா ஆக்கியவர்கள் இந்நிறுவனத்தார். அதே 2014-இல் அக்டோபர் 6-ஆம் நாள் ஃப்ளிப்கார்ட் நிறுவனம் நடத்திய பெருந்தள்ளுபடி விற்பனையில் விலைகள் மாறியும் ஆணைகள் நீக்கப்பட்டும் போயின. மறுநாளே அதன் நிறுவனர்கள் சச்சின் பன்சாலும் பின்னி பன்சாலும் வாடிக்கையாளரிடம் மடல்வழி வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது. 2016 தீபாவளிக் காலத்தில் ஷியோமி நிறுவனம் விளம்பரத்திற்காகக் கைப்பேசிகளை ஒரு ரூபாய்க்கு விற்பதாகவே அறிவித்தது. ஒரு ரூபாய்க் கைப்பேசி உண்மை என்றால் 190 ரூபாய்க் கணினி ஏன் உண்மையாகாது என்று ஒருவர் கேட்டால் வாயடைத்துத்தான் நிற்க வேண்டும். நம்பமுடியாத விலையை நம்பும்படி மக்களைப் பழக்கியவர்கள், பிழை நேர்ந்தபோது "நீங்கள் நம்பியிருக்கக் கூடாது" என்று கூறுவது எங்ஙனம் பொருந்தும்? அம்மாணவர் உள்ளத்தில் என்ன இருந்தது என்பதை நாம் அறியோம். ஆணையம் கணினியை 190 ரூபாய்க்கே கொடுத்துவிடு என்னாமல், அலைக்கழிவுக்கும் இழப்புக்கும் ஈடு தரச் சொன்னது தக்க வழி என்பது நம் கருத்து.

சிங்கப்பூரில் நடந்தது இதனினும் தெளிவான நிகழ்ச்சி. 2003 ஜனவரியில் அங்கே ஒரு நிறுவனத்தில் பயிற்சியின்போது மாதிரிக்காக இட்ட எண் ஒன்று உண்மையான விற்பனைப் பக்கத்தில் ஏறிவிட்டது. 3,854 சிங்கப்பூர் வெள்ளி பெறும் அச்சுப்பொறி 66 வெள்ளி என்று நின்றது. ஜனவரி 13-ஆம் நாள் பிழை கண்டுபிடிக்கப்படுவதற்குள் 784 பேர் 4,086 அச்சுப்பொறிகளுக்கு ஆணை கொடுத்துவிட்டனர். அவர்களுள் நண்பர் அறுவர் மட்டும் 1,606 கேட்டிருந்தனர்! அறுவரும் படித்தவர்கள், ஒருவர் வழக்கறிஞர். நள்ளிரவு கடந்த வேளையில் ஒருவரையொருவர் எழுப்பி, அப்பொருளின் உண்மை விலை யாது என்று இணையத்தில் தேடியும் பார்த்து, பின்னரே வாங்கினர். வழக்கைக் கேட்ட நீதிபதி வி.கே. ராஜா, பிழை என்று அறிந்தே அவர்கள் வாங்கினர். ஆதலால் ஒப்பந்தமே இல்லை என்று 2004-இல் தீர்ப்பளித்தார். 2005-இல் மேல்முறையீட்டு மன்றமும் அதனையே உறுதி செய்தது. ஒருவர் வீட்டுக்கு 1,606 அச்சுப்பொறிகள் எதற்கு? அந்த எண்ணிக்கையே அவர்களுக்கு எதிரான சான்றாயிற்று.

இங்கிலாந்தில் 2002-இல் கோடாக் நிறுவனம் 329 பவுன் விலையுள்ள ஒளிப்படக்கருவியை 100 பவுன் என்று தவறாகக் காட்டியது. முதலில் மறுத்துப் பின்னர் அவ்விலைக்கே கொடுத்தது. மூன்றில் ஒரு பங்கு விலை என்பது ஆண்டுத் தொடக்கத் தள்ளுபடியாகவும் இருக்கலாம். வாங்கியவர் அதனை உண்மை என்று கொள்ள இடமுண்டு. 3,854-க்கு 66 என்பதில் அவ்விடம் இல்லை.

ஆக, வாங்கியவர் பொத்தானை அழுத்தியபோது எதை அறிந்திருந்தார் என்பதே இங்குத் துலாக்கோல். நம்மூர் மாட்டுத்தாவணிப் பூச்சந்தையை எண்ணிப் பாருங்கள். முகூர்த்த நாளில் ஆயிரங்களைத் தொடும் மதுரை மல்லி, சில நாளிலேயே கிலோ சில நூறுகளுக்கு இறங்கிவிடும். அங்கே குறைந்த விலை கேட்டு வாங்கியவரை யாரும் குறை கூறார். அது அன்றைய விலை. கீழமாசி வீதி மளிகைக் கடையில் சிட்டை எழுதுபவர் ஒரு சுழியை விட்டுவிட்டால் அது விலை அன்று, கைப்பிழை என்று பள்ளிச் சிறுவனும் சொல்லிவிடுவான். சில்லறை கூடுதலாக வந்தால் திரும்ப நடந்து சென்று கொடுத்துவிட்டு வரும் நல்லவர்கள் நம்மிடையே இன்றும் குறைவில்லை. அவர்களே திரையின் முன் அமர்ந்தால் வேறொருவராகி விடுகின்றனர். எதிரே முகம் இல்லை என்பதன்றி இதற்கு வேறு காரணம் நமக்குத் தோன்றவில்லை.

முகம் இல்லையா என்ன? அந்நிய முதலீடு பெற்ற பெருந்தளங்கள் தாமே சரக்கு வைத்து நேரே மக்களுக்கு விற்பதற்கு இந்திய விதிகள் பொதுவாக இடந்தருவதில்லை. தளம் அவர்களுடையது, சரக்கு பெரும்பாலும் வேறொருவருடையது. 2005-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரைச் சுங்குடிச் சேலையை நகருக்குள் ஒரு சிறு வீட்டிலிருந்து இத்தளங்களின் வழி விற்பவரை எண்ணிக்கொள்வோம். 1,200 என்பதற்கு 120 என்று பதிந்துவிட்டு அவர் உறங்கச் செல்கின்றார். விடிவதற்குள் நாற்பது சேலைகளுக்கு ஆணை. அனுப்பினால் முதல் போயிற்று. அனுப்பாது நீக்கினால், ஆணைகளை நீக்குபவர் என்று தளம் அவர் பெயரில் குறை பதியும். குறை மிகுந்தால் கடையையே மூடிவிடவும் கூடும். பெருநிறுவனத்தை வென்றோம் என்று நாம் ஆர்ப்பரிக்கும்போது தோற்றவர் இவராக இருத்தல் கூடும். கற்பனை என்று இதனைத் தள்ளிவிட வேண்டா. 2014 டிசம்பர் 12-ஆம் நாள் மாலை, வட அயர்லாந்தின் டெர்ரி நகரத்து நிறுவனம் ஒன்றின் விலை மாற்றும் மென்பொருள் பழுதுபட்டு, அமேசானின் பிரித்தானியத் தளத்தில் சிறு வணிகர் பலரின் பொருள்கள் ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஒரு பென்னி விலைக்கு நின்றன. அமேசான் பெரும்பாலான ஆணைகளை நீக்கியது. எனினும் கிடங்கிலிருந்து புறப்பட்டுவிட்டவை புறப்பட்டவையே. கிறித்துமசு வணிகத்தை நம்பியிருந்த சிறுகடைக்காரர் பெரும் இழப்பைக் கண்டனர்.

சட்டம் என்ன சொல்கின்றது என்பாருக்கு ஒரு சொல். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 22-ஆம் பிரிவில், ஒரு தரப்பினர் மட்டும் பிழைபட எண்ணினார் என்பதனாலேயே ஒப்பந்தத்தைத் தள்ளிவிட இயலாது என்கின்றது. கடையில் விலை எழுதி வைத்தல் ஒப்பந்தத்திற்கான அழைப்பே அன்றி ஒப்பந்தம் ஆகாது என்னும் பழைய கோட்பாடும் உண்டு. வழக்கறிஞர் இரு பக்கமும் நின்று வாதிடலாம். சட்டம் வாய்ப்பளிக்கின்றது என்பதனாலேயே அவ்வாய்ப்பைக் கைக்கொள்ளுதல் கடமை ஆகிவிடாது.

இஸ்லாமிய வணிக நெறியும் பேரத்தை எளிதில் முறிய விடுவதில்லை. விலை வேறுபாடு மிகுதி என்பது மட்டும் போதாது. ஏமாற்றும் சேர்ந்திருத்தல் வேண்டும் என்பது ஹனஃபி சட்ட மரபில் தொகுக்கப்பட்ட உதுமானியரின் மஜல்லா என்னும் நூலின் விதி. முறிக்க இயலாத பேரத்தினின்று மற்றவரை மனமுவந்து விடுவித்தலுக்கு "இகாலா" என்று பெயர். வருந்தி வந்தவரை அவ்வாறு விடுவிப்பவரின் தவறுகளை இறைவன் மறுமையில் பொறுத்தருள்வான் என்னும் கருத்தமைந்த நபிமொழி அபூதாவூத், இப்னு மாஜா தொகுப்புகளில் உள்ளது. நபித்தோழர் ஜரீர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் இதற்கும் மேலே சென்றார்கள். அவர்களுக்காக ஒரு குதிரை 300 திர்ஹத்துக்குப் பேசப்பட்டது. குதிரையைக் கண்ட அவர்கள், இது இவ்விலைக்குரியதன்று என்று விற்பவரிடமே கூறிப் படிப்படியாக விலையை உயர்த்தி 800 கொடுத்து வாங்கினார்கள். எல்லார்க்கும் நலம் நாடுவேன் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் தாம் அளித்த உறுதிமொழியே காரணம் என்றார்கள். இமாம் நவவி தம் முஸ்லிம் விரிவுரையில் இச்செய்தியை எடுத்துரைக்கின்றார்கள்.

நடுவுநிலைமை அதிகாரத்தில் வள்ளுவர் வணிகர்க்கு உரைத்த நெறியும் பிறர் பொருளைத் தம் பொருள் போற் பேணுதலே. ஆயின் வள்ளுவர் பேசியது விற்பவரை நோக்கி. அக்காலத்தே நிறைகோல் விற்பவர் கையில் இருந்தது. தவறு செய்யும் வாய்ப்பும் அவர்க்கே மிகுதி. விலைப் பிழை நேர்ந்த அச்சிறு பொழுதில் கோல் வாங்குபவர் கைக்கு வந்துவிடுகின்றது. ஆதலின் அந்நெறியும் அவரிடமே வந்து சேர்கின்றது என்பதில் தடையில்லை.

விற்பவர் பக்கமும் கடமை உண்டு. பிழை என்று கண்டவுடன் தெரிவித்தல் வேண்டும். பெற்ற பணத்தை உடன் திருப்புதல் வேண்டும். அவர் சொல்லை நம்பி வேறிடத்தில் வாங்காது காத்திருந்தவர்க்கு இழப்பு நேர்ந்திருப்பின் ஈடு செய்தல் வேண்டும். உறுதிச் செய்தி அனுப்பிப் பணமும் பெற்றுப் பல நாள் கழித்து ஒரு வரியில் நீக்கிவிடுவோர், பிழை என்று சொல்லி ஒளிந்துகொள்ள உரிமையற்றவர். மின்வணிகத்துக்கென 2020-இல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு விதிகளும், தான் ஒருதலையாக நீக்கும்போது தான் ஏற்காத கட்டணத்தை வாடிக்கையாளர் நீக்கும்போது மட்டும் அவரிடம் பெறக்கூடாது என்று நிறுவனங்களைக் கட்டுப்படுத்துகின்றன. ஆள் சேர்ப்பதற்காக வேண்டுமென்றே பொய்விலை காட்டிப் பின் "பிழை" என்போர்க்கு இகாலா கிடையாது. அவர்கள் மன்றம் ஏறட்டும்.

எஞ்சியிருப்பது ஒரு நிலை. பிழை விலைக்குக் கேட்ட பொருள் வீட்டுக்கே வந்து சேர்ந்துவிட்டது. 2019 ஜூலையில் அமெரிக்காவில் அமேசான் தளத்தில் பெருவிலை பெறும் ஒளிப்படக் கருவிகளும் வில்லைகளும் 94 டாலர் சொச்சத்துக்கு விலை குறிக்கப்பட்டன; வாங்கிய பலருக்கு அவை அனுப்பப்பட்டதாகவே செய்திகள் வந்தன. பிழையைக் கண்டபின்னும் விற்பவர் அறிந்தே அனுப்பினால் அது அவர் விருப்பம், பெற்றுக்கொள்வதில் குற்றமில்லை. அறியாமல் அனுப்பியிருந்தாலோ, தளத்திலேயே விற்பவர்க்கு எழுதுவதற்கென ஓர் இடம் உண்டு. "இவ்விலை சரிதானா?" என்று ஒரு வரி எழுதிக் கேட்கலாம். அவர் "வைத்துக்கொள்ளுங்கள்" என்று மறுமொழி தரும் வரையில் பெட்டி பிரிக்கப்படாமல் இருக்கட்டும்.