ரோபோ ரெடி. கணக்குதான் உதைக்குது!

பௌர்ணமின்னா திருவண்ணாமலைக் கூட்டத்தைச் சொல்லவா வேண்டும்? 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் லட்சக்கணக்கில் நடக்கிறார்கள். அடி அண்ணாமலை கோயிலில் நின்று ஒரு கும்பிடு, அப்புறம் மறுபடி நடை. சரி, இத்தனை பேர் போகும் கழிப்பறைகளின் தொட்டி நிரம்பினால் யார் சுத்தம் செய்வது? செப்டிக் டேங்க் இருக்கிற எல்லா ஊருக்கும் இதே கேள்விதான்.

"அதான் லாரி இருக்கே" என்பார்கள். லாரி தண்ணியாக இருப்பதைத்தான் உறிஞ்சும். அடியில் இறுகிப்போன கசடு வராது. அதற்குத்தான் ஆளை இறக்குகிறார்கள். விஷவாயு அங்கேதான் காத்திருக்கிறது.

சென்னை ஐஐடியில் பேராசிரியர் பிரபு ராஜகோபாலின் வழிகாட்டுதலில் திவான்ஷு குமார் என்ற மாணவர் முதுநிலை இறுதியாண்டு புராஜெக்டாக எடுத்துக்கொண்டது இதைத்தான். அதிலிருந்து வந்ததுதான் 'ஹோமோசெப்'. சின்ன வாய் வழியாக உள்ளே போய், தலைகீழ்க் குடை மாதிரி விரியும் பிளேடுகள் கசடைக் கலக்கும். பிறகு உறிஞ்சிவிடலாம். 2022-ல் முதல் இயந்திரங்கள், இந்த வேலையில் கணவரைப் பறிகொடுத்த பெண்கள் நடத்தும் சுயஉதவிக் குழுக்களுக்குப் போயின.

ஆக, "டெக்னாலஜி வரட்டும், பார்க்கலாம்" என்ற சாக்கு செல்லாது. வந்தாச்சு!

பின்னே ஏன் இன்னும் ஆள் இறங்குகிறார்? காமர்ஸ் படிக்கிறவர்கள் யோசியுங்கள். இயந்திரம் என்றால் முதலீடு, தேய்மானம், பராமரிப்பு. ஆள் என்றால் ஒருநாள் கூலி. 2013 சட்டம் இதைத் தடை செய்கிறது. இறந்தால் 30 லட்சம் இழப்பீடு என்று உச்ச நீதிமன்றம் 2023-ல் உத்தரவிட்டது. அதை அரசு கொடுத்துவிட்டுப் போனால், இறக்கிவிட்டவன் கணக்குப் புத்தகத்தில் அந்தச் சாவு ஏறவே ஏறாது. அவன் கணக்கில் மனுஷன்தான் மலிவு. அதுவும் எந்தச் சாதி மனுஷன் என்று எல்லோருக்கும் தெரியும்.

"ரோபோ வந்தா அவங்க பொழப்பு போயிடுமே" என்று திடீர்க் கரிசனம் வேறு! இயந்திரத்தை அவர்கள் கையிலேயே கொடுங்கள், பிழைப்பு எங்கும் போகாது.

செய்ய வேண்டியது கஷ்டமில்லை. இயந்திரம் இல்லாதவனுக்கு லைசென்ஸ் கிடையாது. ஆளை இறக்கச் சொன்ன வீட்டுக்காரர், லாட்ஜ்காரர், மண்டபக்காரர் மேலும் வழக்கு. இழப்பீடு அவர்கள் பாக்கெட்டிலிருந்து வரட்டும். அன்றைக்கே ரோபோ மலிவாகிவிடும்.

மாணவர் தன் புராஜெக்டை முடித்துவிட்டார். அரசும் ஊரும் இன்னும் சப்மிட் பண்ணவில்லை.