எத்தனை வாட் சார்?

வீட்டுத் தொட்டியில் கடல்நீரும் பவளமும் வளர்க்கிறவர், தண்ணீரிலுள்ள கிருமியைக் கொல்ல யூ.வி. விளக்கு வாங்கப் போனால், 'தொட்டி எத்தனை லிட்டர்?' என்று கேட்டு ஒரு வாட் கணக்கு சொல்வார்கள். சுத்தப் பம்மாத்து. கிருமிக்குத் தொட்டியின் அளவு தெரியாது. குழாய்க்குள் 254 நானோமீட்டர் ஒளியில் எத்தனை விநாடி நின்றது என்பதுதான் விஷயம். பம்ப் வேகத்தை இரட்டிப்பாக்கினால், ஒருமுறை கடக்கையில் கிடைக்கும் டோஸ் பாதி. தண்ணீரைப் பச்சையாக்கும் நுண்பாசிக்குப் போதுமான டோஸ், வெண்புள்ளி தரும் கிரிப்டோகேரியானுக்குக் கொசுக்கடி. எனவே, 'அந்த டோஸுக்கு மணிக்கு எத்தனை லிட்டர் விடலாம்?' என்று கேளுங்கள். முழிப்பார்கள்.

அதையும் சரியாக வாங்கினாலும், மீன் உடம்பில் ஒட்டியதையும் மணலில் கூடு கட்டிக் கிடப்பதையும் எந்த விளக்கும் தொடாது. நீந்தி வந்து மாட்டினால்தான் உண்டு. தாமிர மருந்து பவளத்தையே தீர்த்துவிடும் என்பதால், புது மீனைச் சில வாரம் தனித் தொட்டியில் வைப்பதுதான் வழி. அதைச் சொன்னால் கடைக்காரருக்கு என்ன லாபம்?

அப்புறம் அந்த நீல வெளிச்சம். கொல்லும் கதிர் கண்ணுக்குத் தெரியாது. பல்பு நீலமாகவே எரிந்துகொண்டிருக்கும். கதிர் ஒரு வருஷத்தில் கணிசமாகக் குறைந்திருக்கும். குவார்ட்ஸ் உறையில் அழுக்குப் படிந்தால் அதற்கு முன்பே.