இடிமேகத்துக்கும் பூட்டிய எல்லைக்கும் நடுவே

சங்ககிரி லாரித் தொழிலுக்குப் பேர்போன ஊர். லாரி கவிழ்ந்தால் முதல் வழக்கு டிரைவர் மீதுதான். கண் மூடாமல் ஓட்டச் சொன்னது யார், தேய்ந்த டயரோடு அனுப்பியது யார் என்ற கேள்வி பிறகுதான் வரும். பல சமயம் வருவதே இல்லை. ஆகாயத்திலும் இதே நியாயம்தானா?

2025 மே 21 அன்று டில்லியிலிருந்து ஸ்ரீநகருக்குப் புறப்பட்ட இண்டிகோ விமானம், 220-க்கும் மேற்பட்ட மக்களுடன் பதான்கோட் அருகே இடிமேகத்தை எதிர்கொண்டது. இடிமேகம் விளையாட்டல்ல. 1953 மே 2 அன்று கல்கத்தாவில் கிளம்பிய காமெட் விமானம் ஆறே நிமிஷத்தில் புயலில் சிதறியது. இருந்த 43 பேரும் மாண்டனர்.

விமானத்தின் மூக்கிலுள்ள ராடார் மேகத்தைக் காட்டும். எந்தப் பக்கம் விலகுவதென்று தீர்மானித்துக் கேட்பது விமானியின் வேலை. அந்தப் பக்கம் வேறு விமானம் வராமல் பார்த்து வழிவிடுவது தரையிலுள்ள கட்டுப்பாட்டாளரின் வேலை. முடிவான பொறுப்பு விமானியுடையது.

அன்று விமானி இடப்பக்கம், எல்லையை நோக்கி விலக அனுமதி கேட்டார். விமானப்படையின் வடக்குக் கட்டுப்பாட்டு நிலையம் இசையவில்லை. லாகூரைக் கேட்டார், அதுவும் மறுத்தது. சண்டை நின்று 11 நாட்களே ஆகியிருந்தன. இரு சர்க்கார்களும் ஒன்றின் விமானத்துக்கு மற்றொன்று ஆகாயத்தைப் பூட்டி வைத்திருந்தன. திரும்ப நினைத்தபோது மேகம் நெருங்கிவிட்டது. ஊடுருவிச் செல்ல முடிவு செய்தனர். ஆலங்கட்டி மூக்கை உடைத்தது. ஒரு கட்டத்தில் நிமிஷத்துக்கு 8,500 அடி வேகத்தில் விமானம் கீழிறங்கியது. ஆயினும் ஒருவருக்கும் காயமின்றி ஸ்ரீநகரில் தரையிறக்கினர்.

பிறகு நடந்தது என்ன? விசாரணை முடியும்வரை விமானிகள் இருவரும் பணியிலிருந்து விலக்கி வைக்கப்பட்டதாகப் பத்திரிகைகள் எழுதின!

முன்கூட்டியே திரும்பியிருக்கலாமே என்று கேட்பார்கள். கேட்கட்டும், விசாரிக்கட்டும். ஆனால் விசாரணை விமானியோடும், உத்தரவுக்குக் கட்டுப்பட்ட கட்டுப்பாட்டாளரோடும் நின்றுவிடக் கூடாது. பொறுப்பைத் தொழிலாளி தலையில் வைத்து, வழியைத் தன் கையில் பூட்டி வைத்துக்கொள்பவன் தானும் கூண்டில் ஏற வேண்டும்.

நாம் கோருவது இதுதான்: விசாரணையின் முடிவு முழுவதும் மக்கள் முன் வைக்கப்படட்டும். எந்த நாட்டு விமானமானாலும், புயலில் சிக்கினால் எல்லை திறக்கட்டும். ஆபத்தென்று திரும்பும் விமானிக்கும், வண்டியை ஓரங்கட்டும் டிரைவருக்கும் தண்டனை இல்லை என்பது சட்டமாகட்டும்.

தோழர்களே! புயலுக்கு எல்லைக்கோடு தெரியாது. உயிருக்கும் தெரியக் கூடாது.