ஒத்துக்காரர் எங்கே?

சித்திரைத் திருவாதிரையன்று ஸ்ரீபெரும்புதூர் போயிருக்கிறீர்களா, சகோதரிகளே? ஒரு பக்கம் ஒரகடம் வரைக்கும் கார், டெலிபோன் தொழிற்சாலைகள். இந்தப் பக்கம் உடையவர் புறப்பாடு. கோலம் போட்டுவிட்டுக் காத்திருக்கும் பெண்களுக்குத் தெரு முனையிலேயே நாதஸ்வரம் சேதி சொல்லிவிடும்.

இப்போதெல்லாம் ஊர்வலங்களோடு மைக்கும் வருகிறது. வரட்டும், ஆனால் வீதி சபா மண்டபம் அல்லவே! ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் ஓடும். கம்பத்தில் கட்டிய ஒலிபெருக்கி தவிலுக்கு 34 மீட்டர் தள்ளியிருந்தால், தவில்காரர் தட்டிய தட்டு அவர் காதுக்கே பத்தில் ஒரு விநாடி கழித்துத் திரும்பி வரும். துரித காலத்தில் தாளம் நொண்ட அது போதும். கம்பத்தடியில் நிற்கும் உங்களுக்கோ, ஒலிபெருக்கியிலிருந்து ஒரு தட்டு, சற்றுப் பொறுத்துத் தவிலிலிருந்து அதே தட்டு!

சபாவில் என்றால் மிக்ஸர் பெட்டியருகே இருப்பவர் தூரத்து ஒலிபெருக்கியைக் கணக்காகத் தாமதப்படுத்திச் சரிக்கட்டிவிடுவார். ஊர்வலத்தில் மேளமே நகர்கிறதே! பத்தாம் நம்பர் வீட்டுக்குப் போட்ட கணக்கு இருபதாம் நம்பருக்குத் தப்பு.

அமெரிக்காவில் நடந்துகொண்டே வாசிக்கும் 'டிரம் கோர்' போட்டிகளில் 2004-ல் மைக்கையும் 2009-ல் மின்னணு வாத்தியங்களையும் அனுமதித்தார்கள். அங்கும் மைதானத்தின் முன்வரிசைக்காரர்கள், பின்னாலிருந்து முரசொலி வந்து சேர்ந்த பிறகு அதோடு சேர்ந்துதான் வாசிக்கிறார்கள். அப்போதுதான் எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு இரண்டும் ஒன்றாகக் கேட்கும்.

ஆகவே உங்கள் வீட்டு ஜானவாசத்துக்கு ஒலிபெருக்கி வைத்தால், மேளத்தோடேயே தள்ளுவண்டியில் வரட்டும். புளூடூத் பெட்டி வேண்டாம். அதுவும் பெரும்பாலும் பத்தில் ஒரு விநாடியோ அதற்கு மேலோ பிந்துகிறது.

பிந்தினாலும் கெடாதது ஒன்று உண்டு: சுருதி. இடைவிடாத ஒரே ஸ்வரத்துக்கு முன்னேது, பின்னேது? அதனால்தானோ என்னவோ, மின்சாரப் பெட்டி சுளுவாகப் பிடித்துக்கொண்ட இடம் ஒத்துக்காரருடையது. விரல் வேலை இல்லாத அந்தக் குழலை மூச்சு விடாமல் ஊதிக்கொண்டு குருவின் பக்கத்தில் நடந்தே பல பையன்கள் ராகத்தைக் காதில் வாங்கிக்கொண்டார்கள். சுருதிப் பெட்டி பிசகில்லாமல்தான் ஒலிக்கிறது. அது என்றைக்காவது தோடி வாசிக்கப் போகிறதா?

அடுத்த முறை கல்யாணத்துக்கு மேளம் பேசும்போது, "ஒத்து ஊத ஒரு பையனையும் அழைத்து வாருங்கள்" என்று சொல்லிப் பாருங்களேன். ஓர் ஆள் சம்பளம் கூடும். இலை ஒன்று அதிகமாகும், அவ்வளவுதான்.