கூட்டம் முடிந்த மறுநாள்



கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து திருவனந்தபுரத்திற்குப் பிழைப்புக்காக வந்த நம்முடைய குடும்பங்களில், கம்ப்யூட்டர் முன் அமர்ந்து நோட்டீசும் பேனரும் வடிவமைக்கும் பிள்ளைகள் உண்டு. கடைத்திறப்பு, கண்காட்சி, கல்யாணம், கன்வென்ஷன் எதுவானாலும் ஜனங்களை அழைக்கும் முதல் சத்தம் அவர்கள் வரைந்த எழுத்துதான். அவர்களுடைய தொழிலைக்குறித்து இம்மாதம் ஒரு கேள்வியைச் சிந்திப்போம். கூட்டம் முடிந்த மறுநாள் அந்தப் பேனர் என்னவாகிறது?

முற்காலத்தில் ஓவியர் துணியில் தூரிகையால் எழுதினார். பின்பு ஃபிளெக்ஸ் வந்தது. விலை மலிவு, ஒரே இரவில் வேலை முடியும். தூரிகை பிடித்த அநேகர் தொழிலை இழந்தார்கள். ஆனால் ஃபிளெக்ஸ் என்பது பாலியெஸ்டர் நெசவின்மேல் பி.வி.சி. பூசிய பொருள். இரண்டையும் பிரித்தெடுப்பது கடினமாதலால் மறுசுழற்சி எளிதன்று. எரித்தாலோ நச்சுப்புகை எழும்பும்.

அனுமதியின்றி வைக்கப்படும் பலகைகளுக்கு எதிராகக் கேரள உயர்நீதிமன்றத்தில் ஒரு கத்தோலிக்க ஆலயம் தொடுத்த வழக்கில், 2018-ல் நீதிபதி தேவன் ராமச்சந்திரன் அவற்றை அகற்றும்படி உத்தரவிட்டார். 2019-ல் கேரள அரசு பி.வி.சி. ஃபிளெக்ஸைத் தடைசெய்தது, மார்க்க சம்பந்தமான கூட்டங்களுக்கும் அத்தடை பொருந்தும். அதே ஆண்டு செப்டம்பர் 12-ஆம் தேதி, சென்னை பள்ளிக்கரணையில் ஸ்கூட்டரில் சென்ற 23 வயது பெண்மேல் ஒரு பேனர் விழுந்தது. நிலைதடுமாறி வீழ்ந்த அவள்மேல் லாரி ஏறியது, அவள் உயிரிழந்தாள். ஒரு வீட்டின் கல்யாண மகிழ்ச்சியை அறிவிக்க வைத்த பேனர் அது! நம்முடைய சந்தோஷ அறிவிப்பு இன்னொரு வீட்டின் துக்கமாகலாமா?

சட்டம் மாறியபோது வடிவமைப்பாளரின் வேலையும் மாறியது. கம்ப்யூட்டர் திரையில் நிறம் ஒளியாய்த் தெரிகிறது. துணியிலோ மை ஊறிப் பரவுகிறது. திரையில் அழகாயிருந்த மெல்லிய கோடு துணியில் மறைந்துபோகும். ஸ்கிரீன் பிரிண்டிங்கில் ஒவ்வொரு நிறத்திற்கும் தனித்தனிச் சட்டம் வேண்டும். எனவே பத்து நிறத்தில் சொன்னதை இரண்டு நிறத்தில் சொல்லக் கற்கவேண்டும். பத்தடி தூரத்திலிருந்து வசதியாய் வாசிக்க ஓர் அங்குல உயர எழுத்து தேவை என்பது இத்தொழிலின் பொதுவான கணக்கு. பேருந்தில் செல்பவருக்கு வாசிக்கக் கிடைப்பது சில வினாடிகளே. ஆகவே முப்பது முகங்களையும் நாற்பது பெயர்களையும் ஒரே பேனரில் திணிப்பதினால் யாருக்கும் பிரயோஜனமில்லை.

இவற்றைப் புத்தகத்தைவிடக் கைவேலையே விரைவாய்க் கற்பிக்கும். ஆகையால் பெற்றோரே, உங்கள் பிள்ளை ஓய்வுநாளில் பழைய துணியையும் காகிதத்தையும் வெட்டி, ஒட்டி, தைத்துப் பார்த்தால், வீண்வேலை என்று கடிந்துகொள்ளாதிருங்கள். 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் எறணாகுளம் மாவட்டம் சேந்தமங்கலத்தின் நெசவாளர்கள் ஓணத்திற்கென்று நெய்து வைத்திருந்த சேலைகள் சேற்றில் மூழ்கின. எரித்துவிடுவதே வழி என்ற நிலையில், வடிவமைப்பாளர் லட்சுமி மேனனும் கோபிநாத் பாறயிலும் அத்துணியைச் சுத்திகரித்துச் சிறு பொம்மைகளாக்கும் திட்டத்தைத் தொடங்கினார்கள். சேற்றை வென்ற குழந்தை என்ற கருத்தில் ‘சேக்குட்டி’ எனப் பெயரிட்டார்கள். ஒரு சேலையில் 360 பொம்மைகள்; ஒன்று 25 ரூபாய். விலைபோகாத ஒரு சேலை 9,000 ரூபாயாயிற்று! கறைகளை அவர்கள் மறைக்கவுமில்லை. அந்தக் கறையே வெள்ளத்தின் கதையைச் சொன்னது.

தூரம் போவானேன்? நாம் ஊருக்குப் போகும் வழியிலுள்ள பாலராமபுரத்தைப் பாருங்கள். மகாராஜா பாலராம வர்மாவின் காலத்தில் தமிழ்ப்பகுதியிலிருந்து வரவழைக்கப்பட்ட சாலியர் குடும்பங்களே அங்கு நெசவை நிலைப்படுத்தினார்கள். அவர்களுடைய கைத்தறித் துணிக்கு 2009-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. வேற்றுநாட்டில் குடியேறியவர்களுக்குக் கைத்திறமையே மரியாதையைப் பெற்றுத்தந்தது. நமக்கும் அது பாடமல்லவா?

வேதத்தில் ஆசரிப்புக்கூடார வேலைக்கு அழைக்கப்பட்ட பெசலெயேலை நினைத்துப்பாருங்கள். யோசித்து வடிவமைக்கிற ஞானமும், பொன்னிலும் மரத்திலும் அதைச் செய்துமுடிக்கிற கையும் அவனிடத்தில் சேர்ந்தே இருந்தன. அகோலியாபுடன் சேர்ந்து மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்கவும் செய்தான். யோசனை ஒருவரிடம், உழைப்பு வேறொருவரிடம் என்று அங்கே பிரிவில்லை.

ஆகவே வாலிபரே, அடுத்த கூட்டத்திற்குத் துணிப்பேனர் செய்யும்போது ஆண்டையும் தேதியையும் தனித்துண்டில் எழுதித் தையுங்கள். அத்துண்டை மாற்றினால் அதே பேனர் பல ஆண்டுகள் உதவும். பழையதாகிவிட்டால் பைகளாகத் தைக்கலாம். சபையிலுள்ள தையல் தெரிந்த சகோதரிகளுக்கு அது சிறு வருமானமுமாகும். கூட்டம் முடிந்த மறுநாள் காலை, கட்டியவர்களே அவிழ்க்கட்டும்.

சபையின் மூப்பர்களுக்கும் ஒரு வார்த்தை. துணிவேலைக்குக் காலமும் கூலியும் அதிகம். முந்தின இரவு சொல்லி விடியுமுன் கேட்பதும், “நம்ம பிள்ளைதானே” என்று கூலியை மறப்பதும் நியாயமன்று. ஒரு மாதத்திற்கு முன்பே சொல்லுங்கள். செய்தவருக்குரியதை முழுமையாய்க் கொடுங்கள். நாம் கட்டிய பேனரைத் தெரு முழுவதும் வாசிக்கிறது. மறுநாள் நாம் விட்டுச்செல்லும் குப்பையையும் அதே தெரு வாசிக்கும்.