உடன்பணியாளரும் துமுக்கியும்

அமெரிக்க ஒன்றிய நாடுகளில் அகவை முதிர்ந்தோருள் நூற்றுக்கு 32 பேர் தமக்கென ஒரு துமுக்கியேனும் வைத்துள்ளனர் என்று பியூ ஆய்வு நடுவம் 2023-ஆம் ஆண்டில் எடுத்த கணிப்புக் கூறுகின்றது. அவருள் 72 விழுக்காட்டினர் தற்காப்பே அதற்குப் பெருங்கரணியம் என்றனர். எங்கும் ஒரே சீராகப் பங்கிட்டுப் பார்ப்பின், பத்துப் பேர் அமர்ந்து பணியாற்றும் ஓர் அறையில் மூவர் துமுக்கியுடையார். அம் மூவர் யாவர் என்பது ஏனை எழுவர்க்குத் தெரியாது. தெரியவந்த அன்றைக்கு எழுவர் பார்வை எங்ஙனம் மாறுகின்றது, அம் மாற்றம் நேரியதுதானா என்பதையே ஈண்டு எண்ணிப் பார்க்க விழைகின்றேன். கடல்கடந்த நாட்டுச் சிக்கல் நமக்கெதற்கு என்று கைவிடுவதற்கில்லை. நம் வீட்டுப் பிள்ளைகள் பல்லாயிரவர் இன்று அவ் வறைகளிலேதாம் அமர்ந்திருக்கின்றனர்.

துப்பாக்கி என்னுஞ் சொல் துருக்கிமொழி அடியாக வந்ததென்பர். ஆதலின் துமுக்கி என்றே எழுதுகின்றேன். அது பிடியாதவர் என்னைச் சொல்லால் மட்டும் சுடுவாராக.

முதலில் ஒரு பழிச்சொல்லின் வரலாற்றைப் பார்ப்போம். 1986-ஆம் ஆண்டு ஆகத்துத் திங்கள் 20-ஆம் நாள், ஒக்லகோமா மாநிலத்து எட்மண்டு நகர அஞ்சலகத்தில், அங்குப் பணியாற்றிய ஒருவன் தன் உடன்பணியாளர் 14 பேரைச் சுட்டுக்கொன்று தானும் மாய்ந்தான். அதன்பின் வேறு சில அஞ்சலகங்களிலும் இத்தகைய கொடுமைகள் நிகழ்ந்தன. சில ஆண்டுகளுக்குள் ஆங்கில வழக்கில் ஒரு தொடர் முளைத்தது. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'அஞ்சலாகிப் போதல்' என்று வரும். அதற்கு அவர்கள் கொண்ட பொருளோ, வெறிகொண்டு கண்ணிற்பட்டோரைக் கொல்லுதல் என்பது! மழையிலும் பனியிலும் வீடுதோறும் மடல் சுமந்து திரியும் ஒரு தொழிலின் பெயர், கொலைவெறியின் பெயராயிற்று. செய்தித்தாள்காரரும் நகைச்சுவையாளரும் அதை வாய்க்கு வாய் மென்றனர். அஞ்சற்பணியாளன் ஒருவன் சற்றே குரலுயர்த்திப் பேசினாலும் அருகிலிருப்போர் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும் நிலை வந்தது.

உண்மை என்ன? அஞ்சற்றுறையின் பணியிடப் பாதுகாப்பை ஆராய அமைக்கப்பெற்ற கலிபானோ ஆணையம் 2000-ஆம் ஆண்டில் தன் அறிக்கையை வெளியிட்டது. பணியிடத்தில் கொலையுண்ணும் வாய்ப்பு, நாட்டின் தொழிலாளர் எல்லார்க்கும் உள்ளதை நோக்க, அஞ்சற்பணியாளர்க்கு மூன்றிலொரு பங்கே என்று அது கண்டது. ஊரார் சொல்லும் அத் தொடர் வெறும் கட்டுக்கதை என்றும் கூறியது. அறிக்கை வந்தது, ஆயினும் தொடர் போகவில்லை. இன்றும் அது அகரமுதலிகளில் அமர்ந்திருக்கின்றது. ஒரு சொல் தவறான பொருளில் வேரூன்றிவிட்டால் அதைப் பிடுங்கி எறிவது எத்துணைக் கடினம் என்பதைச் சொல்லாய்வாளர் நன்கறிவர்.

அஞ்சற்பணியாளர்க்கு நேர்ந்ததே துமுக்கி வைத்திருப்பார்க்கும் நேர்கின்றது. எங்கேனும் ஓர் அலுவலகத்தில் ஒருவன் சுட்டான் என்ற செய்தி வந்த மறுநாள், வேறோர் அலுவலகத்தில் வாய்பேசாது வேலைசெய்யும் வேட்டைக்காரனைப் பிறர் ஓரக்கண்ணால் நோக்குகின்றனர். 2015-இல் கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோவில், மாவட்ட நலத்துறைப் பணியாளன் ஒருவனும் அவன் மனைவியும் அத்துறையாரின் கூட்டத்திற் புகுந்து 14 பேரைக் கொன்றனர். 2019-இல் வர்சீனியாக் கடற்கரை நகரத்தில், நகராட்சிப் பொறியாளன் ஒருவன் 12 பேரைக் கொன்றான். இவற்றைப் படித்தவன் அஞ்சாதிருப்பானா? அச்சம் இயல்பே. ஆயின் துமுக்கியுடையார் கோடிக்கணக்கினர்; இங்ஙனம் சுட்டவர் விரல்விட்டு எண்ணத்தக்கார். 2022-ஆம் ஆண்டில் அந்நாட்டுப் பணியிடங்களில் கொலையுண்டார் 524 பேர் என்று அரசின் தொழிற் புள்ளிவிளக்கத்துறை கணக்கிட்டது. அத்தகைய கொலைகளிலும் உடன்பணியாளர் செய்தன சிறுபகுதியே. கடைகளிற் கொள்ளையிட வந்தோரும், பகைகொண்ட உறவினரும், வெளியாரும் செய்தனவே மிகுதி. எனவே, "இவனிடம் துமுக்கி உண்டு, இவன் ஒருநாள் நம்மைச் சுடுவான்" என்று கருதுவது, ஒரு தொழிலின்மேற் போட்ட பழியை ஓர் உடைமையின்மேற் போடுவதேயாகும்.

இவ்வளவும் துமுக்கியுடையார்க்கு ஆகச் சொன்னேன். இனி அவர் முகஞ்சுளிக்கும் பகுதி.

என்னிடம் யாப்பு கற்ற மாணவர் ஒருவர் இன்று தெக்சாசு மாநிலத்தில் கணிப்பொறிப் பணியாற்றுகின்றார். அடுத்த இருக்கையிலிருப்பவர் மிக நல்லவர் என்று எழுதுவார். குளிர்காலத்தில் தாம் வேட்டையாடிய மானிறைச்சியைப் பதப்படுத்திப் பலர்க்கும் பகிர்ந்தளிப்பாராம். இரவு நேரங்கழித்துச் செல்லும் பெண்டிரை அவரவர் ஊர்திவரை துணைசென்று விட்டுவருவாராம். ஒருநாட் பேச்சுவாக்கில், தம் ஊர்தியில் எந்நேரமும் கைத்துமுக்கி உண்டு என்று அவரே சொல்லிவிட்டார். "ஐயா, அவர்மேல் எனக்கு இன்றும் ஐயமில்லை. ஆனால் அன்றுமுதல், வேலையில் அவர் பிழை செய்தால் அதை எடுத்துச் சொல்லுமுன் ஒருமுறைக்கு இருமுறை எண்ணுகின்றேன்" என்று எழுதியிருந்தார். இம் மடலைப் பலநாள் எண்ணிப் பார்த்தேன். சிக்கலின் முடிச்சு இங்கேதான் இருக்கின்றது. பணியிடம் என்பது ஒருவன் பிழையை ஒருவன் கூசாது சொல்லவும், கூலிக்கும் ஓய்வுக்கும் வாதிடவும், மேலாளை எதிர்த்துக் கேட்கவும் உரிய இடம். அங்கே ஒருவன் சொல்லுக்குப் பின்னால் படைக்கலம் ஒன்று நின்றால், அவன் அதை ஒருநாளும் தொடாவிடினும், மற்றவன் சொல் இளைக்கின்றது. உடையவன் நல்லவன் என்பதால் இவ் விளைப்பு நீங்காது.

ஆகவே, ஆளை நோக்குவதை விடுத்து இடத்தை நோக்க வேண்டும் என்பது என் கருத்து. வடகரோலினா மாநிலத்துப் பணியிடங்களை ஆராய்ந்து 2005-இல் வெளியான ஆய்வொன்று, துமுக்கி கொண்டுவர இசைவளித்த பணியிடங்களில் கொலை நிகழும் வாய்ப்பு, தடைசெய்த இடங்களினும் ஏறத்தாழ ஐந்து மடங்கு எனக் கண்டது. கொண்டுவந்தோர் கொடியர் என்று அவ் வாய்வு கூறவில்லை. பூசலும் சினமும் எல்லார்க்கும் வருவன. கைக்கெட்டும் தொலைவில் இருப்பது எழுதுகோலா துமுக்கியா என்பதில்தான் வேறுபாடு.

முதலாளிமார் இதனை ஆளும் முறையோ வேறு. ஒக்லகோமாவில் வேலியண்டு என்னும் சிற்றூரில் அந்நாளில் வெயர்காவுசர் நிறுவனத்தின் தாள் ஆலை இருந்தது. வேட்டை வழக்கம் மிக்க பகுதி அது. ஊர்தி நிறுத்துமிடத்திலும் துமுக்கி கூடாதென்று நிறுவனம் ஒழுங்கு வகுத்திருந்தது. 2002-இல் போதைப்பொருள் தேடுவதற்கென நாய்களைக் கொணர்ந்து ஊர்திகளைத் துருவியபோது, சிலர் வண்டிகளில் வேட்டைத் துமுக்கிகள் அகப்பட்டன. அவர்தம் வேலை போயிற்று. ஊர் கொதித்தது. 2004-இல் அம் மாநிலம், பூட்டிய ஊர்தியுள் துமுக்கி வைப்பதை எந்த முதலாளியும் தடுக்கலாகாது என்று சட்டமியற்றிற்று. பெருநிறுவனங்கள் வழக்காடின, 2007-இல் வென்றன, 2009-இல் மேல்மன்றத்தில் தோற்றன. பிறகு இத்தகைய சட்டம் இருபதுக்கு மேற்பட்ட மாநிலங்களிற் பரவிற்று.

இச் சட்டங்களுள் 2008-இல் வந்த புளோரிடாச் சட்டம் ஒருபடி மேலே சென்றது. ஊர்தியில் துமுக்கி உண்டா என்று முதலாளி கேட்கவுங்கூடாது என்பது அதன் ஒரு கூறு. துருவித் துருவித் தேடி வேலைபறித்த கொடுமைக்கு எதிர்வினையாக வந்தது இது என்பதை மறுக்கவில்லை. ஆயினும் கேள்வியையே குற்றமாக்கினால் ஐயம் ஒழியுமா? கேட்கப்படாத கேள்வி ஒருவர் காதிலிருந்து மற்றொருவர் காதுக்கு முணுமுணுப்பாய்ச் செல்லும். வேட்டைக்காரன் தன் மான்கதையைச் சொல்ல அஞ்சி வாயடைப்பான். வாயடைத்தவனையே "என்னவோ மறைக்கின்றான்" என்று பிறர் கருதுவர்.

படைக்கலமே எங்கும் இத்தகைய அச்சத்தை விளைக்கும் என்றும் சொல்லிவிட முடியாது. சுவிட்சர்லாந்தில் படைப்பயிற்சிக் கடமையிலுள்ள குடிமகன் தன் நெடுந்துமுக்கியை வீட்டிலேயே வைத்திருக்கலாம். அதைத் தோளில் மாட்டித் தொடர்வண்டியிற் செல்வோனை அருகிலிருப்பவர் திரும்பியும் பார்ப்பதில்லை. அவற்றை அரசின் கொட்டிலில் ஒப்படைக்க வேண்டும் என்ற முன்மொழிவை 2011-ஆம் ஆண்டு வாக்கெடுப்பில் அந்நாட்டு மக்களே தோற்கடித்தனர். ஆயின் அது நாட்டுக்கென அரசு கொடுத்த கலம். வீட்டில் வைத்திருந்த குண்டுகளையும் 2007-இலேயே திரும்பப் பெற முடிவாயிற்று. நம் அண்டைக் குடகிலும் கொடவர்க்கு உரிமம் இன்றியே துமுக்கி வைத்துக்கொள்ளும் விலக்கு வெள்ளையர் காலந்தொட்டு உண்டு. 2019-இல் அது 2029 வரை நீட்டிக்கப்பெற்றது. விழாநாளில் அதற்குப் பூச்சூட்டி வழிபடுகின்றனர். இவ் விரண்டிடத்தும் ஊரறியக் கலம் இருக்கின்றது, எதற்கென்பதும் ஊரறிந்தது. அமெரிக்க அலுவலகத்திலோ அது ஒருவன் தன் அச்சத்திற்கென மறைத்து வைத்த கலம். அவன் அச்சம் யாரைக் குறித்தது? ஒருகால் என்னைக் குறித்தோ என்று அடுத்திருப்பவன் எண்ணாதிருப்பது எங்ஙனம்?

துமுக்கி ஏந்தும் உரிமை 1791-இல் வந்த அரசியலமைப்புத் திருத்தத்தால் அமைந்தது என்று அங்குள்ளார் வாதிடுவர். அமைந்ததுதான், 2008-இலும் 2022-இலும் நாட்டின் உச்ச மன்றம் அதனை வலியுறுத்தவும் செய்தது. ஆயின் அத் திருத்தம் கட்டுப்படுத்துவது அரசை. தனியார் ஒருவர் தம் பணிமனைக் கதவுக்குள் வகுக்கும் ஒழுங்கை அது தொடுவதில்லை. ஆகவேதான் மாநிலந்தோறும் தனிச்சட்டம் வேண்டியதாயிற்று.

பின் என்னதான் செய்வது? வாசிங்டன் மாநிலத்தில் வழக்குமன்றங்களுக்கு வருவோர் தம் துமுக்கியை வாயிலிலேயே ஒப்படைக்கப் பூட்டுப்பெட்டி வைக்க வேண்டும், அன்றேல் வாங்கி வைக்க ஓர் அலுவலரை அமர்த்த வேண்டும் என்று சட்டமே உள்ளது. வருபவன் நல்லவனா தீயவனா என்று அங்கு எவரும் கேட்பதில்லை. பெட்டியில் வைத்துத் திறவுகோலை வாங்கிக்கொண்டு உள்ளே போகின்றான். திரும்புகையில் எடுத்துச் செல்கின்றான். இருண்ட சாலையில் நெடுந்தொலைவு வருபவனுக்கும், பணிமுடிந்து நேரே காட்டுக்குப் போகும் வேட்டைக்காரனுக்கும் ஆலை வாயிலில் இத்தகைய பெட்டி ஒன்று வைப்பதில் முதலாளிக்கு என்ன இழப்பு? நாய்களை ஏவி ஊர்திகளைத் துருவுவதற்கு ஆகும் செலவைவிட அது குறைவாகத்தான் இருக்கும்.