கோவில்பட்டி அடுப்புகளுக்கு குழாய் கியாஸ்: ஓட்டையைப் பெரிசு பண்ணினால் போதுமா?

முதல் தேதி வந்தால் உத்தியோகஸ்தருக்கு சம்பளம். பேக்கரிக்காரருக்கும், டீக்கடைக்காரருக்கும், மிட்டாய் கம்பெனிக்காரருக்கும் வயிற்றில் புளி! 19 கிலோ சிலிண்டர் விலையை எண்ணெய் கம்பெனிகள் மாற்றுவது முதல் தேதியில்தான். ஏறுமா, இறங்குமா என்பது அன்று காலையில்தான் தெரியும். 2022-ம் ஆண்டு மே 1-ந்தேதி டெல்லியில் அந்த சிலிண்டர் ரூ.2 ஆயிரத்து 355-ஐத் தொட்டது. ஒரு ரூபாய் பன்னையும், 5 ரூபாய் மிட்டாயையும் விற்பவன் அந்த ஏற்றத்தை யார் தலையில் கட்டுவான்?

அதனால்தான் "குழாய் கியாஸ்" என்றால் நம் கடைக்காரர்கள் காதைத் தீட்டிக்கொள்கிறார்கள்.

தூத்துக்குடி வரை வந்தது

2021-ம் ஆண்டு பிப்ரவரி 17-ந்தேதி ராமநாதபுரம்-தூத்துக்குடி இயற்கை கியாஸ் குழாயை பிரதமர் மோடி தொடங்கிவைத்தார். நீளம் 143 கிலோ மீட்டர். அதே ஆண்டில் ஸ்பிக் உர ஆலை நாப்தாவை விட்டு இயற்கை கியாசுக்கு மாறியது. தூத்துக்குடியில் இருந்து கோவில்பட்டி சுமார் 60 கிலோ மீட்டர்தான்.

உர ஆலைக்கு என்ஜினீயர்கள் இருக்கிறார்கள். மெயின் ரோட்டு பேக்கரிக்கு யார் இருக்கிறார்? அதுதான் என் கேள்வி.

பாகு காந்திப்போகும்!

சிலிண்டரில் இருப்பது புரோப்பேனும் பியூட்டேனும் கலந்த கியாஸ். குழாயில் வருவது மீத்தேன். இரண்டும் நீல நிறமாகத்தான் எரியும். ஆனால் குணம் வேறு. ஒரே அளவு இடத்தில் அடைத்தால், சிலிண்டர் கியாசில் இருக்கும் சூடு குழாய் கியாசைப்போல் இரண்டரை மடங்கு. எனவே சிலிண்டர் அடுப்பை அப்படியே குழாயில் மாட்டினால் சூடு ஏறக்குறைய பாதிதான் கிடைக்கும். ஓவனில் வைத்த பன் வேகாது.

"அதுக்கென்ன அண்ணாச்சி, ஜெட் ஓட்டையைக் கொஞ்சம் பெரிசு பண்ணிட்டா போச்சு!" என்று ஒரு துளைபோடும் மிஷினைத் தூக்கிக்கொண்டு வருபவர் எல்லா ஊரிலும் உண்டு. சரிதான், ஓட்டை பெரிசாகத்தான் வேண்டும். ஆனால் அது நூல் பிசகாத கணக்கு. கண் அளவில் துளைத்தால் தீ மஞ்சளாகும். பாத்திரத்தில் கரி ஏறும். மூடிய அறையில் கண்ணுக்குத் தெரியாத கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனை கிடையாது. ஆளைச் சத்தம் இல்லாமல் சாய்க்கும்.

ஜெட்டோடு வேலை முடியாது. காற்று கலக்கும் வாயை மாற்றவேண்டும். ரெகுலேட்டரை மாற்றவேண்டும். ஓவன் குறைந்த சூட்டில் நிற்கும்போது எரியும் சின்னத் தீயையும் புதிதாக அளந்து வைக்கவேண்டும். தூத்துக்குடி மக்ரூன் போடுகிறவரைக் கேளுங்கள், சின்னத் தீயின் அருமை தெரியும். கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020-ம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. கரிசல் கடலை, வெல்லப் பாகு இரண்டுக்கும் கிடைத்த பெருமை அது. ஒரு நிமிஷம் தீ கூடினால் பாகு காந்திவிடும். குறைந்தால் பதம் வராது. குறியீடு பெட்டியில் இருக்கும், ருசி போய்விடும்.

எது பெரிய ஆபத்து?

நான் அதிகம் பயப்படுவது வேறு ஒன்றுக்கு. தீபாவளிக்கு 3 நாள் இருக்கிறது. ஆர்டர் குவிந்து கிடக்கிறது. குழாயில் சப்ளை நின்றுபோகிறது. முதலாளி என்ன செய்வார்? "பழைய சிலிண்டரை மாட்டுடா!" என்பார். பெரிசு பண்ணிய ஓட்டையில் சிலிண்டர் கியாஸ் பாய்ந்தால் சூடு ஏறக்குறைய இரட்டிப்பாகும். தீ ஓவனுக்கு வெளியே நாக்கை நீட்டும். எதிரே நிற்பது முதலாளி அல்ல, கூலிக்கு வந்த பையன்!

கசிவு விஷயமும் தலைகீழ். சிலிண்டர் கியாஸ் காற்றைவிட கனம், தரையில் படுக்கும். குழாய் கியாஸ் லேசு, கூரைக்கு ஏறும். தரையோரம் ஓட்டை விட்ட கடையில், இனி கூரையோரமும் காற்றுப் போக வழி வேண்டும். கசிவைக் காட்டும் கருவியையும் மேலே மாட்டவேண்டும். பரணில் அட்டைப்பெட்டியை அடுக்கி மேல் ஜன்னலை அடைத்து வைக்கும் பழக்கம் நம் கடைகளில் இல்லையா?

இங்கிலாந்தில் செய்தார்களே

இங்கிலாந்து 1967-ல் இருந்து 1977 வரை 10 ஆண்டு இதே வேலையைச் செய்தது. பழைய நிலக்கரி கியாசில் இருந்து வடகடல் இயற்கை கியாசுக்கு ஊர் ஊராக, தெருத் தெருவாக மாற்றினார்கள். சுமார் 4 கோடி அடுப்புகளும் ஹீட்டர்களும் மாறின. ஆள் அனுப்பியது கியாஸ் நிர்வாகம். "நீயே பார்த்துக்கொள்" என்று கடைக்காரன் தலையில் கட்டவில்லை.

இங்கும் அப்படித்தான் வேண்டும். குழாய் போடும் கம்பெனியே ஒவ்வொரு அடுப்பையும் மாற்றித் தரட்டும். சிறு கடைக்கு அந்தச் செலவைத் தவணையில் பில்லோடு பிடிக்கட்டும். மாற்றிய அடுப்பில் "குழாய் கியாஸ் மட்டும்" என்று தமிழில் தகடு அடிக்கட்டும். கழற்றிய ஜெட்டைக் கடையில் விட்டுவைக்கக் கூடாது. உள்ளூர் ஐ.டி.ஐ. படித்த பிள்ளைகளுக்கு இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்தால், தீப்பெட்டி ஆபீசையே நம்பி இருக்கும் வீடுகளில் இன்னொரு சம்பளம் வரும்.

கடைக்காரர்களுக்கு ஒரு கணக்கு. ஒரு 19 கிலோ சிலிண்டரின் சூடு, குழாய் கியாசில் சுமார் 24 கன மீட்டர். ஒரு கன மீட்டர் விலையை 24-ஆல் பெருக்குங்கள். சிலிண்டர் விலையைவிட எவ்வளவு குறைகிறது என்று பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். வாய்ப்பேச்சை நம்ப வேண்டாம்.

சீமைக் கருவேல விறகில் கண்ணைக் கசக்கி மிட்டாய் கிண்டிய ஊர் இது. புகை இல்லாத தீ வந்தால் சந்தோஷம்தான். ஆனால் அந்தத் தீயை அளந்து கொடுங்கள். ஆள் போன பிறகு விசாரணைக் கமிட்டி வைத்து என்ன பிரயோஜனம்?